மஞ்சள் குமிழும் சிவப்புக் குமிழும்

புத்தளத்திலிருந்து வண்ணாத்தவில்லு, எலுவன்குளம் கடந்து, வில்பத்துக் காட்டினூடாக மன்னார்ப் பக்கம் போகும் பழைய பாதையில் 2010ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஷஃபான் பிறந்து சில நாட்களில், குடும்பத்தோடு ஒரு பயணம் போனோம். போனவர்கள் ஆறு பேர். மாமி, அவரது மூத்த மகனான என் மச்சான், மச்சானின் மனைவி, அவர்களுடைய பதினாறு வயது மகள், என் மனைவி, நான். ஏறிச் சென்ற வாகனமோ எங்கள் ஆறு பேரில் மூவரைவிட வயதில் மூத்தது.

வாகனத்தைப் பற்றி நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஏறச் சொன்னால் ஏறுவதும், இடையில் நின்றுவிட்டால் முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு மர நிழலில் ஒதுங்கி நிற்பதும்தான் அவர்களுக்கென்று விடப்பட்ட வேலை. அன்று நடுக் காட்டில் நடந்ததைக் கண்ட பிறகு அது பெரும் பிழை என்று எனக்குப் பட்டது. ஆகவே சகோதரிகள் இதைக் கராஜ் சங்கதி என்று ஒதுக்கிவிடாமல் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் பயணத்தின் காரணம். மாமியின் ஊர் முசலிப் பக்கத்தில் பாலைக்குழி. மரிச்சுக்கட்டிக்கும் கரடிக்குழிக்கும் இடையில் உள்ள சிறிய ஊர். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் எழுபத்தையாயிரம் பேர் வரையில் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவரும் கையில் எடுத்ததோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். இருபது வருடம் புத்தளத்து முகாமில் ஓலைக் கொட்டிலிலும் பிறகு கல் வீட்டிலுமாகக் கழிந்தது. போர் முடிந்து சனங்கள் ஒருவர் இருவராகத் திரும்பிப் போகிறார்கள், அவருடைய தங்கச்சியும் போய்த் தகரக் கொட்டில் அடித்திருக்கிறார் என்று செய்தி வந்த நாளிலிருந்து மாமிக்குச் சோறு இறங்கவில்லை. "ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டுங்க மகன். எனக்கு எழுபது நெருங்குது" என்று மச்சானிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அனுராதபுரம், மதவாச்சி சுற்றிப் போகலாம். அது நீண்ட வழி. காட்டு வழியோ மணலும் குழியும். சாதாரண வேனுக்கு அது சரிவராது.

மச்சானிடம் இருந்தது 1975ஆம் வருடத்து லேண்ட் ரோவர். மலைநாட்டுத் தோட்டமொன்றில் ஏலம் போட்டபோது வாங்கியது. நம் ஊரில் நாலு சில்லும் இழுக்கும் எதையும் 'ஜீப்' என்றுதான் சொல்வோம். ஆனால் ஜீப் அமெரிக்கப் பட்டாளத்துப் பிள்ளை; லேண்ட் ரோவர் இங்கிலாந்து விவசாயிக்காகப் பிறந்தது. உலக யுத்தத்தில் மிஞ்சிய ஜீப் ஒன்றைத் தன் பண்ணையில் ஓட்டிப் பார்த்த மொரிஸ் வில்க்ஸ் என்பவர் அதைப்போல் ஒன்றைத் தாமே செய்ய நினைத்தார். 1948இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது. அப்போது இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. ஆகவே மேல் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதனால்தான் கடற்காற்றில் நின்றாலும் இந்த வாகனத்தின் கதவும் மட்காட்டும் துருப்பிடிப்பதில்லை. துருவெல்லாம் கீழே இருக்கும் இரும்புச் சேஸியில் ஒளிந்திருக்கும். பழைய லேண்ட் ரோவர் வாங்குபவர் பெயின்டைப் பார்க்காமல் கீழே படுத்துச் சேஸியைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும்.

மச்சானுடையது 'சீரிஸ் த்ரீ' என்ற வகை. 1971 முதல் 1985 வரை வந்தது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 88 அங்குலம். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின், 2286 சீசீ, குதிரை வலு 62. இன்றைய சிறிய காரிலும் அதைவிட வலு உண்டு. மணிக்கு எண்பது கிலோமீற்றருக்கு மேல் போக அதற்கே விருப்பமில்லை. ஆனால் அதன் பலம் ஓட்டத்தில் இல்லை, இழுவையில் இருக்கிறது. தாழ்ந்த கியர்ப் பெட்டியில் முதலாம் கியரைப் போட்டால், சில்லு ஒருமுறை சுற்ற எஞ்சின் நாற்பது முறை சுற்றுகிறது. கிழவி உரலில் இடிப்பதுபோல் ஒரே சீராக இழுத்துக்கொண்டு ஏறும். டீசல் தாங்கி 45 லீற்றர். அது சாரதியின் ஆசனத்துக்குக் கீழேயே இருக்கிறது என்பதை அறிந்தபோது என் மனைவி முகத்தைச் சுளித்தார்.

உள்ளே மூன்று பிடிகள். ஒன்று வழமையான கியர். மற்றொன்றின் தலையில் மஞ்சள் குமிழ், இன்னொன்றில் சிவப்புக் குமிழ். சாதாரணமாகப் பின் சில்லுகள் மட்டும் இழுக்கும். மஞ்சளை அழுத்தினால் முன் சில்லுகளும் சேர்ந்துகொள்ளும். வாகனத்தை நிறுத்திவிட்டுச் சிவப்பைப் பின்னால் இழுத்தால் தாழ்ந்த பெட்டி. அப்போது நான்கு சில்லும் தாமாகவே சேர்ந்துவிடும். மஞ்சளை விடுவிக்க வேண்டுமானால் வாகனத்தை நிறுத்தி, சிவப்பைப் பின்னுக்கு இழுத்து மீண்டும் முன்னுக்குத் தள்ள வேண்டும். மஞ்சள் தானாக மேலே துள்ளி எழும். இவ்வளவுதான். மச்சானின் மகள் இதை ஐந்து நிமிடத்தில் படித்துக்கொண்டாள். ஆங்கிலத்தில் இருந்த கையேட்டை வாசித்து எங்களுக்கு விளக்கியவளும் அவள்தான்.

ஒரு எச்சரிக்கை. தார் றோட்டில் நாலு சில்லையும் சேர்த்து ஓட்டக்கூடாது. வளைவில் திரும்பும்போது முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடக் கூடிய தூரம் ஓட வேண்டும். மணலிலும் சேற்றிலும் சில்லு சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை. அந்த முறுக்கு முழுவதும் உள்ளிருக்கும் பல்சக்கரங்களிலும் தண்டுகளிலும் ஏறும். ஸ்டியரிங் பாரமாகும், மஞ்சள் குமிழ் விடுபட மறுக்கும். அப்படி இறுகிவிட்டால் சில யார் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கு அவிழும்.

சுபஹுத் தொழுதுவிட்டு, பயணத் துஆவையும் ஓதிக்கொண்டு ஏறினால், வாகனம் கிளம்பவில்லை. அபசகுனம் என்று பக்கத்து வீட்டு ராத்தா ஒருவர் சொல்லியும் விட்டார். சகுனம் பார்ப்பது நம் மார்க்கத்தில் இல்லை என்று அவருக்குச் சொல்லிவிட்டு, நான் மச்சானோடு பொனட்டைத் திறந்தேன். மதரஸாவில் சர்ஃபு நடத்தும்போது பிள்ளைகளுக்கு நான் சொல்வது, எந்தச் சொல்லானாலும் முதலில் அதன் மூல எழுத்து மூன்றையும் கண்டுபிடியுங்கள் என்பது. டீசல் எஞ்சினுக்கும் மூலம் மூன்றுதான்: டீசல் வர வேண்டும், காற்று வர வேண்டும், சூடு வர வேண்டும். பெற்றோல் எஞ்சினைப்போல் இதற்குப் பொறி பறக்கும் பிளக் இல்லை. காற்றை இறுக்கி வரும் சூட்டிலேயே டீசல் எரிகிறது. குளிர்ந்த எஞ்சினில் அந்தச் சூட்டுக்குத் துணையாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு 'ஹீற்றர் பிளக்' உண்டு. இந்தப் பழைய எஞ்சினில் அந்த நான்கையும் தஸ்பீஹ் மணிபோல் ஒரே கம்பியில் கோத்திருக்கிறார்கள். ஒன்று செத்தால் நான்கும் செத்தன. மச்சான் ஒரு துண்டு வயரை எடுத்து, ஒவ்வொரு பிளக்காகத் தாண்டி இணைத்துப் பார்த்தார். மூன்றாவதைத் தாண்டியதும் மற்ற மூன்றும் சூடாகின. எஞ்சின் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு ஓடத் தொடங்கியது. உதிரிப் பிளக் ஒன்று ஆசனப் பெட்டியில் இருந்தது. மாற்றப் பத்து நிமிடம்.

டீசல் தாங்கி வற்றவிட்டால் அது வேறு நோய். குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிடும். பிறகு எவ்வளவு டீசல் ஊற்றினாலும் கிளம்பாது. பம்பில் ஒரு சிறு கைப்பிடி இருக்கிறது; அதை அடித்துக்கொண்டே, முதலில் பில்ற்றரின் மேலுள்ள ஸ்குரூவையும் பிறகு ஊசிப் பம்பின் ஸ்குரூவையும் சற்றுத் தளர்த்தி, குமிழி நின்று சுத்த டீசல் வரும்வரை விட்டு இறுக்க வேண்டும். பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம்.

எலுவன்குளத்தில் கலா ஓயாவைச் சப்பாத்துப் பாலத்தால் கடந்தோம். மாரியில் தண்ணீர் பாலத்துக்கு மேலால் பாயும். அப்போது எந்த வாகனத்தை நம்பியும் இறங்கக்கூடாது. நாங்கள் போனது கோடை. கணுக்கால் அளவுதான். இருந்தும் அக்கரை ஏறியதும் மச்சான் பிரேக்கை மெல்ல மிதித்தபடி கொஞ்சத் தூரம் ஓட்டினார். நாலு சில்லிலும் இருப்பது டிரம் பிரேக். நனைந்தால் பிடிக்காது, அப்படி உரசிச் சூடாக்கிக் காய வைக்க வேண்டும்.

அதற்கப்பால் காடு. பாலை, வீரை, முட்புதர், இடையிடையே வெள்ளை மணல் படுகைகள். மேற்கே கொஞ்சத் தூரத்தில் கடல் இருக்கிறது என்பது காற்றில் தெரிந்தது. பாதை முழுவதும் யானை இலத்தி. பின்னால் பக்கவாட்டு ஆசனங்களில் எதிரெதிரே இருந்த பெண்கள் ஒருவர் முழங்காலில் மற்றவர் முட்டிக்கொண்டு, மேல் கம்பியைப் பிடித்தபடி வந்தார்கள். இலைவில்லு ஸ்ப்ரிங், ஒவ்வொரு குழியும் முதுகெலும்புக்குத் தெரியும். மாமி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கையில் தஸ்பீஹோடு பின் கதவு வழியாக மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணலுக்கு முன்பே ரயர்க் காற்றை இறக்கியிருக்க வேண்டும். வழமையாக 25 இறாத்தல் அடைப்பது. மணலுக்குப் பதினைந்து, பதினெட்டுக்கு இறக்கினால் ரயர் ஒட்டகக் குளம்புபோல் விரிந்து மேலே மிதக்கும். "திரும்ப ஆர் கைப்பம்பு அடிக்கிறது?" என்று மச்சான் சோம்பினார். மஞ்சளையும் அழுத்தவில்லை. பாதி வழியைத் தாண்டிய ஒரு மணல் படுகையில் பின் சில்லுகள் புதைந்தன. அவர் எஞ்சினை முறுக்கி, கிளச்சைச் சட்டென்று விட்டார். கீழே 'டங்' என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வாகனம் அசையவில்லை. தவறு எங்களுடையது, முப்பத்தைந்து வயது இரும்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நேரம் பதினொன்றரை. முன்னும் பின்னும் ஒரு வாகனமும் இல்லை. பாதையை விட்டு இறங்கவும் பயம். போர் நடந்த பகுதிகளில் கண்ணிவெடி முழுதாக அகற்றப்படாத காலம் அது. சில்லுத் தடத்தை விட்டு விலகாதீர்கள் என்று சோதனைச் சாவடியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மச்சான் முதலில் செய்தது என்னைத் திகைக்க வைத்தது. "சில்லுக்கு முட்டுக் குடுங்கோ, கெதியா!" என்று கத்தினார். ஹேண்ட் பிரேக் போட்டுத்தானே இருக்கிறது என்றேன். அங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த வாகனத்தின் ஹேண்ட் பிரேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை; கியர்ப் பெட்டிக்குப் பின்னால் ஓடும் தண்டைப் பிடிக்கிறது. தண்டுக்கும் சில்லுக்கும் இடையில் ஏதாவது உடைந்திருந்தால் அந்தப் பிரேக் இருந்தும் இல்லாததே. மேட்டு நிலமானால் வாகனம் உருண்டு கீழே படுத்திருப்பவர் மேல் ஏறிவிடும். என் மனைவியும் மச்சானின் மனைவியும் தடத்தோரம் கிடந்த இரண்டு மரக்குற்றிகளை உருட்டி வந்து சில்லுக்கு முன்னும் பின்னும் வைத்தார்கள்.

பிறகு மகளை விலகி நின்று குனிந்து பார்க்கச் சொல்லிவிட்டு, மச்சான் கியரைப் போட்டுக் கிளச்சை மெதுவாக விட்டார்.

"நடுவில இருக்கிற தண்டு சுத்துது வாப்பா. சில்லு ரெண்டும் சும்மா நிக்குது."

அந்த ஒரு வாக்கியத்தில் நோய் பிடிபட்டது. தண்டு சுற்றாவிட்டால் கோளாறு கிளச்சிலோ கியர்ப் பெட்டியிலோ. தண்டு சுற்றிச் சில்லு நின்றால் கோளாறு பின் அச்சுக்குள். அதற்குள்ளே டிபரன்சியல் என்ற பல்சக்கரக் கூட்டம். அதிலிருந்து இரு பக்கச் சில்லுக்கும் இரண்டு இரும்புத் தண்டுகள் போகின்றன. ஹாஃப் ஷாஃப்ட் என்பார்கள். அவற்றில் ஒன்று முறிந்தால் மற்றச் சில்லும் இழுக்காது. ஏனெனில் டிபரன்சியலின் சுபாவம், வலுவை இலகுவான பக்கத்துக்கே கொடுத்துவிடுவது. முறிந்த பக்கத்தைவிட இலகுவானது ஏது?

ஆனால் நாலு சில்லு வாகனம் என்பது இரண்டு வாகனங்களை ஒன்றாகக் கட்டியது. பின்பாதி செத்தால் முன்பாதி இருக்கிறது. மஞ்சளை அழுத்தினால் முன் சில்லுகள் இழுக்கும்.

அதற்கு முன் முறிந்த துண்டை வெளியே எடுக்க வேண்டும். சில்லைக் கழற்றத் தேவையில்லை, ஜக்கு வைக்கவும் தேவையில்லை. சில்லின் நடுவிலுள்ள மூடியில் ஆறு போல்ட். அவற்றைக் கழற்றி, மெல்லத் தட்டி இழுத்தால் தண்டு உறைவாள்போல் வெளியே வரும். வலது பக்கத் தண்டு முழுதாக வந்தது; அதைத் திரும்பப் போட்டோம். இடது பக்கத்துத் தண்டு நுனியில்லாமல் வந்தது. கோப்பையளவு ஒயிலும் வடிந்தது. இப்போது சில்லின் நடுவில் ஒரு திறந்த வாய். மணல் புகுந்தால் பேரிங் போய்விடும். மாமி தன் பொட்டலத்திலிருந்து பழைய தாவணித் துண்டொன்றை எடுத்து நீட்டினார். அதை அடைத்து, மேலே பொலித்தீன் பை வைத்து, கம்பியால் இறுக்கிக் கட்டினோம்.

அதற்குள் லுஹர் வந்துவிட்டது. எங்களிடம் இரண்டு கேன் தண்ணீர். ஒன்று குடிக்க, ஒன்று றேடியேற்றருக்கு. அந்த எஞ்சினுக்குச் சுமார் பத்து லீற்றர் தண்ணீர் வேண்டும். வெயில் காலத்தில் காட்டுப் புல்விதை றேடியேற்றர் கண்களை அடைத்துவிட்டால் சூடேறிக் கொதிக்கும். ஆகவே நான் உளூவுக்கு எவ்வளவு எடுப்பது என்று கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமி ஒரு பிளாஸ்டிக் குவளையில் முக்கால்வாசி ஊற்றிக்கொண்டு போய், முகம், கை, தலை, கால் என்று ஒரு குறையுமில்லாமல் உளூச் செய்து முடித்து, அடியில் மிஞ்சியதைப் பேத்தியின் கையிலிருந்த ஒயிலைக் கழுவ ஊற்றினார். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு நீரில் உளூச் செய்ததைக் கிதாபில் எத்தனையோ முறை ஓதிக் கொடுத்திருக்கிறேன். செய்து கண்டது அன்றுதான். பவுசர் வராத நாட்களில் முகாமில் பழகிய கை அது.

தொழுத பின் பேச்சு எழுந்தது. முன்னே போவதா, திரும்புவதா? ஒரு முன் அச்சை மட்டும் நம்பி நெடுந்தூரம் போவது சரியல்ல, முன் சில்லின் மூட்டுகள் அவ்வளவு பாரத்தைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல, திரும்பிவிடலாம் என்றார் மச்சான். நியாயமான பேச்சு. மாமி தலையைக் குனிந்துகொண்டார். அழவும் இல்லை, வாதாடவும் இல்லை. கையேட்டையும் கிலோமீற்றர் முள்ளையும் பார்த்துக்கொண்டிருந்த மகள்தான், "வாப்பா, நாங்க பாதிக்கு மேல வந்திட்டம். திரும்பினாத்தான் கூடத் தூரம்" என்றாள். மச்சான் முள்ளைக் குனிந்து பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் ரயர்க் காற்றை இறக்கத் தொடங்கினார்.

நாங்கள் எல்லோரும் இறங்கி நடக்க, சிவப்பைப் பின்னுக்கு இழுத்து, தாழ்ந்த இரண்டாம் கியரில் அவர் வாகனத்தை மணலிலிருந்து எடுத்தார். முன் சில்லு இழுக்க, பின்பாதி சும்மா இழுபட்டு வந்தது. கெட்டியான நிலம் வந்ததும் சிவப்பை முன்னுக்குத் தள்ளி மஞ்சளை அழுத்தினார். இந்த நிலையில் தார் றோட்டில் போனாலும் முறுக்கு ஏறாது, ஏனெனில் பின் சில்லு தொடர்பில் இல்லை என்று மகள் விளக்கினாள். மாமி அவளைப் பார்த்துச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அஸருக்குச் சற்று முன் பாலைக்குழி. ஊர் என்று சொல்ல என்ன இருந்தது? காடு ஊருக்குள் நடந்து வந்து குடியிருந்தது. இடையிடையே வெள்ளைத் தகரக் கொட்டில்கள், நீல நிறக் கூடாரத் துணிகள். மாமியின் வீட்டில் சுவர் இல்லை. வாசற்படி இரண்டு, கிணறு ஒன்று. கிணற்றுக் கட்டு ஒரு பக்கம் சரிந்து, உள்ளே ஆலங்கன்று முளைத்திருந்தது. அவருடைய தங்கச்சியின் மகன் அந்த வளவைத் துப்புரவாக்கி நாங்கள் நடக்க வழி வெட்டி வைத்திருந்தான். மாமி கிணற்றடிக்குப் போய் நின்றார். யாரும் கூடப் போகவில்லை. திரும்பி வந்தவர் கேட்டது கயிறு.

வாகனத்தில் இழுவைக் கயிறு இருந்தது. றேடியேற்றர் கேனின் கழுத்தில் அதைக் கட்டி இறக்கி, அவரே இழுத்து ஏற்றினார். தண்ணீர் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் இருந்தது. குடிக்க விடவில்லை. ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். மீதியை என்ன செய்வதென்று தெரியாமல் கேனோடு நின்றவர், "இதை ஒங்கட ஜீப்புக்கு ஊத்தேலாதா மகன்?" என்று கேட்டார். மச்சான் மழைத் தண்ணீர் தவிர வேறெதையும் அந்த றேடியேற்றருக்குள் விடாதவர். கிணற்று நீரின் உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படிந்து குழாயை அடைத்துவிடும் என்று எனக்கே பல முறை பாடம் எடுத்தவர். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, மூடியைத் துணியால் பிடித்து அரைச் சுற்றுத் திருப்பி ஆவியை விட்டு, பிறகு முழுதாகத் திறந்து, துணியால் வடிகட்டி, குறைந்திருந்த அளவுக்கு அந்தத் தண்ணீரையே ஊற்றினார்.

புத்தளத்துக்குச் சொல்லி அனுப்பி, மறுநாள் அந்தியில் ஒரு பழைய ஹாஃப் ஷாஃப்ட் வந்து சேர்ந்தது. இதை வாங்கும்போது எந்தப் பக்கம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். டிபரன்சியல் வலது பக்கம் ஒதுங்கி இருப்பதால் இடது தண்டுதான் நீளம். டிபரன்சியல் பக்கத்து நுனியில் பத்துப் பல் இருக்கிறதா என்றும் எண்ணிக்கொள்ள வேண்டும். உள்ளே நின்றுபோன நுனியை எடுப்பதற்குத்தான் நேரம் பிடித்தது. கம்பியில் சுருக்கிட்டு, மகள் ரோச் அடிக்க, மச்சான் ஒரு மணித்தியாலம் தூண்டில் போட்டார். வெளியே வந்த பிறகு ஆறு போல்ட்டும் அரை மணி நேரமும். வடிந்த ஒயிலை நிரப்பினோம்.

மூன்றாம் நாள் காலை புறப்பட்டபோது பின் ஆசனத்தில் கால் நீட்ட இடமிருந்தது. மாமி வரவில்லை. தங்கச்சியின் தகரக் கொட்டிலில் ஒரு பாய் விரிக்க இடம் போதும் என்றார். மச்சான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிறகு இரண்டு தண்ணீர்க் கேன்களையும் இறக்கி அவருடைய காலடியில் வைத்துவிட்டு ஏறினார். எலுவன்குளம் வந்து சேரும்வரை அவர் எங்களோடு கதைக்கவில்லை; றேடியேற்றர்ச் சூட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.